இழை குறைந்த அட்டைகள்

சிவகாசியில் சாமிகள் எல்லாம் அச்சகத்தில்தான் பிறக்கின்றன. முருகனும் மாதாவும் மசூதியும் ஒரே மிஷினில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். மை காயும்வரை எந்தச் சாமியையும் தொடக் கூடாது என்பதில் மட்டும் பேதமே கிடையாது. அப்படி ஓர் அச்சகத்தில் நான் ப்ரூஃப் பார்க்கிறவன். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, கிறிஸ்தவ வசனங்களுக்குச் சந்திப்பிழை திருத்தி வயிறு வளர்க்கிறேன். அதே அச்சகத்தில் பைண்டிங் பகுதியில் இருக்கிறவள் அன்னபுஷ்பம். விஸ்வநத்தத்திலிருந்து வருகிறாள். என்னை அண்ணாச்சி என்பாள், நான் தங்கச்சி என்பேன். அவளைப்போல ஜெபம் செய்கிறவரை நான் பார்த்ததில்லை. அந்த ஜெபத்தை நினைத்து அவளைப்போல அழுதவரையும் பார்த்ததில்லை.

அவள் புருஷன் ஜெயசிங் மஞ்சள் காமாலையில் போனபோது மகள் எப்சிபா பள்ளிக்கூடத்துப் பிள்ளை. ஜெயசிங்கின் அக்கா தங்கச்சிகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். யோசனை சொன்னவர்கள் மறுபடி வாசலை எட்டிப் பார்க்கவில்லை. தகப்பன் இல்லாத வீட்டில் முடிவெடுக்கிறவர் யார் என்ற கேள்வி வந்தது. அன்னபுஷ்பம் ஆண்டவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, காய்ச்சலுக்கு எந்த டாக்டரிடம் போவது, சுற்றுலாவுக்கு அனுப்பலாமா வேண்டாமா, எல்லாவற்றையும் காலையில் முழங்காலில் நின்று அவரிடம்தான் கேட்பாள்.

"அப்பா, இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் நீர்தான். நீர் வழி காட்டும், நான் நடக்கிறேன்" என்று முடிப்பாள்.

பக்கத்தில் இருந்து எப்சி ஆமென் சொல்வாள். மெதுவாகச் சொல்லத் தெரியாத பிள்ளை அது. தெருக்குழாயில் குடம் கழுவிக்கொண்டிருப்பவர்களுக்கும் கேட்கும். எதிர்வீட்டுப் பாண்டிலட்சுமி அந்த ஆமென்னைக் கேட்டுத்தான் அடுப்பில் உலை வைப்பாளாம். கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை என்று கேலி செய்வாள்.

கிறிஸ்தவர்கள் வீடுகளில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். வாக்குத்தத்தப் பெட்டி என்பார்கள். உள்ளே விரல் நீளத்துக்கு அட்டைகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். ஜெபம் முடித்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவுவார்கள். அன்றைக்கு ஆண்டவர் தங்களுக்குச் சொல்வது அது என்று எடுத்துக்கொள்வார்கள். புது வருஷத்துக்கு முன்னால் எங்கள் அச்சகத்துக்கு அந்த ஆர்டர் நிறைய வரும். அந்தப் பெட்டியில் கண்டிப்பான வசனம் ஒன்றுகூட இருக்காது. ஆறுதலும் ஆசீர்வாதமுமாகத்தான் பார்த்து அனுப்புவார்கள். புது வருஷமும் அதுவுமாகத் திட்டு வாங்க யார் பெட்டி வாங்குவார்கள்?

எப்சி படிப்பை முடித்துவிட்டு எங்களிடமே கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற டிடிபி வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு வருஷம் அந்த வசன அட்டைகளை அவள்தான் அமைத்தாள். இனம் பிரித்து வரிசையாகப் போட்டாள். ஆறுதல் வசனம் ஒரு வரிசை, பயப்படாமல் புறப்படச் சொல்லும் வசனம் ஒரு வரிசை, காத்திருக்கச் சொல்லும் வசனங்கள் தாளின் கடைசி வரிசை. நான் ப்ரூஃப் பார்த்தேன். அச்சடித்த தாள்களைக் கட்டிங் மிஷினில் வைத்து வெட்டியவன் அருள்பாண்டி.

அருள்பாண்டி ஆனைக்குட்டத்துப் பையன். வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச மாட்டான். கை சுத்தம். அவன் வெட்டினால் அளவு பிசகாது என்று முதலாளியே சொல்வார். அன்று மட்டும் பிசகியது. ஒரு கட்டுத் தாளில் கடைசி வரிசை ஓர் இழை ஒடுங்கிப் போயிற்று. எங்கே பார்த்துக்கொண்டு வெட்டினான் என்பது எனக்குத் தெரியும். டிடிபி அறைக்குக் கண்ணாடிக் கதவு.

வெட்டிய அட்டைகள் ஒவ்வொரு வசனமும் ஒரு குவியலாக மேசைக்கு வரும். பெண்கள் சுற்றி உட்கார்ந்து குவியலுக்கு ஒன்று எடுத்து செட் சேர்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த இழையை அன்னபுஷ்பத்தின் விரல் தொட்டவுடன் பிடித்துவிட்டது.

"அண்ணாச்சி, இந்தக் கடைசிக் குவியல் எல்லாம் இழை கம்மியா இருக்கு. பெட்டியில போட்டா ஆடும்" என்றாள்.

போர்மேன் சீனிச்சாமி வந்து அளந்து பார்த்துவிட்டு, அருள்பாண்டியை எல்லோர் முன்னாலும் ஏசினார். அந்தக் கட்டு வேஸ்ட்டுக்குப் போயிற்று. வசனத்தைக் கால் படுகிற இடத்தில் போடுகிறார்களே என்று அன்னபுஷ்பத்துக்கு மனசு கேட்கவில்லை. கேட்டு வாங்கி, ஒரு செட் சேர்த்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழைய பெட்டியில் புது அட்டைகளாக அடுக்கி வைத்தாள். எப்சி அமைத்து, நான் திருத்தி, அருள்பாண்டி வெட்டி, அன்னபுஷ்பம் அடுக்கிய அட்டைகள் அவை. அவற்றில் எங்கள் எல்லார் கையும் பட்டிருந்தது.

அருள்பாண்டி மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆனைக்குட்டம் அணை மீன் குழம்பு கொண்டுவருவான். பைண்டிங் மேசைப் பெண்களுக்கும் ஒரு கிண்ணம் வரும். எல்லோரையும்போல அன்னபுஷ்பத்தை அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் கிண்ணத்தை நீட்டும்போது, "அத்தை, முள்ளு பார்த்துச் சாப்பிடுங்க" என்றான். அவள் கை அப்படியே நின்றதை நான் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே மகளைக் கேட்டாள். எப்சி மறைக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய்வந்த நேரத்தில் அருள்பாண்டியே வீட்டுக்கு வந்தான். வாசல்படிக்கு வெளியிலேயே நின்றான்.

"அத்தை, நான் வேற சாமி கும்புடுற வீட்டுப் பய. உங்களுக்குச் சங்கடந்தான். நான் கோயிலுக்கு வாரேன். ஞானஸ்நானம் எடுக்கணும்னாலும் எடுத்துக்கிறேன். எப்சியை நல்லா வச்சுக்கிடுவேன்" என்றான். அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான் இருக்கும்.

அவனிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்பதுதான் அன்னபுஷ்பத்துக்கு ஆத்திரமாக இருந்தது. குடிக்கிறவனாக இருந்தால் எளிதாகப் போயிருக்கும். சபையில் என்ன பேசுவார்கள், ஜெயசிங்கின் அக்கா தங்கச்சிகள் எப்படிச் சிரிப்பார்கள், பெண்ணை ஒற்றையாக வளர்த்தவள் கோட்டைவிட்டாள் என்பார்களே என்றெல்லாம் அவள் மனசு ஓடியது. அதில் ஒன்றையும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் தனக்கே சின்னத்தனமாகக் கேட்கும். ஆண்டவர் பேரைச் சொன்னால் அப்படிக் கேட்காது.

"நான் என்ன சொல்றது தம்பி. ஆண்டவர்கிட்ட கேப்போம். போன்னு சொன்னாருன்னா சந்தோசம். காத்திருன்னு சொன்னாருன்னா காத்திருக்கணும்."

"கேளுங்க அத்தை. அவரு நல்லவருதான" என்றான் அருள்பாண்டி.

மறுநாள் காலை தாயும் மகளும் முழங்காலில் நின்றார்கள். பிள்ளைக்கு வழி காட்டும் என்று அன்னபுஷ்பம் கண்ணீர்விட்டு ஜெபித்தாள். அந்தக் கண்ணீர் நிஜம்தான், நான் அதைச் சந்தேகப்படவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டாள். அவள் கண்தான் மூடியிருந்தது. வருஷக்கணக்காக அட்டை சேர்த்த விரல்களுக்கு இமை கிடையாது. அகலமான அட்டைகளைத் தாண்டித் தாண்டிப் போய், ஓர் இழை ஒடுங்கிய ஒன்றில் விரல் நின்றது. உருவினாள். காத்திருக்கச் சொல்லும் வசனம். எப்சி கேட்டாள் என்று மறுநாளும் எடுத்தாள். அதற்கு மறுநாளும் எடுத்தாள். வேறு வேறு வசனம், சொன்னதெல்லாம் ஒன்றுதான்.

எப்சியின் முகம் வாடிப்போய்விட்டது. ஆனாலும், "ஒன்னு போலவே சொல்லிட்டாரும்மா. அவருக்குத் தெரியாததா" என்றாள். அன்றைக்கும் அவள் ஆமென் தெருவுக்குக் கேட்டது.

அன்னபுஷ்பத்துக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அவள் ஒன்றை யோசிக்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது 'வேண்டாம்' என்று ஒரு வசனம். அப்படி ஒன்று அந்தப் பெட்டியில் கிடையாது. இருந்ததில் தோதாகக் கிடைத்தது 'காத்திரு'. அதை அவள் 'வேண்டாம்' என்று படித்தாள். பிள்ளைகள் இருவரும் அதில் எழுதியிருந்தபடியே படித்தார்கள்.

அவர்கள் காத்திருந்தார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்காது. வெளியில் எங்கும் சந்திக்க மாட்டார்கள். போனில் பேசிக்கொள்வதுகூட இல்லை என்று எப்சி ஒருமுறை சொன்னாள். அவன் கட்டிங் மிஷினில் நிற்பான், அவள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருப்பாள். காலண்டர் சீசன் வரும், போகும். அடுத்த வருஷத்து முருகனை அச்சடிப்போம், அதற்கடுத்த வருஷத்து முருகனை அச்சடிப்போம். கூட வேலை பார்த்த பெண்களெல்லாம் கட்டிக்கொடுத்துப் போய், பிள்ளையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டும் போய்விட்டார்கள். எப்சிக்குக் காதோரம் நரை தெரிய ஆரம்பித்தது.

மாப்பிள்ளைகள் வராமல் இல்லை. சபைப் போதகர் ஐயரின் மனைவியே மல்லாங்கிணறிலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார். நல்ல குடும்பம், அவர்கள் சபை. அன்னபுஷ்பத்துக்குக் கை கால் ஓடவில்லை.

எப்சி மட்டும் அசையவில்லை. "ஆண்டவர் காத்திருக்கச் சொல்லியிருக்காரும்மா. அவரு சொன்னதை முடிக்காம நான் எப்படி வேற எடத்துல கழுத்தை நீட்டுறது?"

"ஏட்டி, அதுக்கு அர்த்தம் இந்த மாப்பிள்ளைக்குக் காத்திருன்னு இருக்கக் கூடாதா?"

"நாம கேட்டது பாண்டியைப் பத்தித்தானம்மா."

தான் எடுத்த அட்டையிலேயே தான் மாட்டிக்கொண்டது அன்றைக்குத்தான் அன்னபுஷ்பத்துக்கு உறைத்தது. வழி இல்லாமல் இல்லை. இன்னொரு காலையில் அகலமான அட்டை ஒன்றை உருவி, ஆண்டவர் போகச் சொல்லிவிட்டார் என்றால் போதும். மகள் அருள்பாண்டியைக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக இருப்பாள். அதற்குச் சபையின் வாய்க்கு அஞ்சினாள். சரி, விரலுக்கு வேலை கொடுக்காமல் உண்மையாகவே கேட்டுவிடலாம் என்றால், அவர் நிஜமாகவே போகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அதற்கும் அஞ்சினாள். பெட்டியைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டாள். காலை ஜெபம் மட்டும் நிற்கவில்லை. பிள்ளைக்கு வழி காட்டும் என்று தினமும் சொன்னாள். பிள்ளையும் தினமும் ஆமென் சொன்னாள்.

போன வருஷம் அருள்பாண்டியின் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவன் பைண்டிங் மேசைக்கு வந்து நின்றான். நான் அடுத்த பெஞ்சில் இருந்தேன்.

"அத்தை, ஆண்டவரு ஏதும் சொன்னாரா?"

அன்னபுஷ்பம் நிமிரவில்லை. கை செட் சேர்த்துக்கொண்டே இருந்தது.

"அம்மா படுக்கையில கெடக்கு. மாமன் மகளைக் கட்டிக்கோன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவுது. நான் காத்திருக்க மாட்டேங்கலை. ஒரு வார்த்தை வந்துருச்சுன்னா வீட்டுல சொல்லிருவேன்."

"இன்னும் ஒன்னும் சொல்லலப்பா" என்றாள்.

அவன் திரும்பிக் கட்டிங் மிஷினுக்குப் போனான். எனக்கு அப்போது விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன்.

எங்கள் அச்சகத்தில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை இலவசம். வேலையையும் நாங்களே பங்கு போட்டுக்கொள்வோம், அது பழக்கம். அருள்பாண்டிக்கும் அவன் மாமன் மகள் அழகுமீனாவுக்கும் ஆனைக்குட்டத்தில் கல்யாணம் என்று வந்த பத்திரிகையை வேறு யாராவது டைப் செய்யட்டும் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"இருக்கட்டும் மாமா, நானே பண்ணுறேன்" என்றாள் எப்சி.

ப்ரூஃப் என் மேசைக்கு வந்தது. ஒரு பிழையாவது இருக்காதா என்று தேடினேன். இருந்திருந்தால் அவளுக்கும் கை பிசகியது என்று ஆறுதல் பட்டிருப்பேன். ஒற்று, புள்ளி, முகூர்த்த நேரம் எல்லாம் சரியாக இருந்தன. அது அச்சாகி, அருள்பாண்டியே வெட்ட, மடிக்கிறதற்கு அன்னபுஷ்பத்தின் மேசைக்கு வந்தது. அவள் நாலைந்து மடித்தாள். பிறகு தலைவலி என்று சொல்லிவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

வீட்டில் நடந்ததைப் பின்னால் அவளே என்னிடம் சொன்னாள். எப்சி வழக்கம்போல அரிசி களைந்தாளாம். அன்னபுஷ்பம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உனக்கு ஆண்டவர் மேல கோவம் இல்லையாட்டி?" என்று கேட்டாள்.

"எதுக்கும்மா கோவம்? காத்திருன்னாரு, காத்திருந்தேன். எதுக்குன்னு எனக்கு வெளங்கல. கொஞ்சம் வருத்தந்தான். ஆனா அவரு வேணும்னு நோகடிக்க மாட்டாரு. நான் அவரைக் குத்தம் சொல்லல" என்றாள் எப்சி.

மகள் தன்னை ஏசியிருந்தால் அன்னபுஷ்பம் தாங்கியிருப்பாள். செய்யாத குற்றத்துக்கு ஆண்டவர் அந்த அடுப்படியில் மன்னிப்பு வாங்கிக்கொண்டிருந்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்துவந்தாள். மகளைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு கையிலும் ஒவ்வோர் அட்டையை வைத்தாள்.

"தடவிப் பாரு. ரெண்டும் ஒரே அகலமா?"

எப்சி மாற்றி மாற்றித் தடவினாள். "இது கொஞ்சம் ஒடுக்கமா இருக்கும்மா."

"என்ன வசனம்னு பாரு."

பார்த்தாள். அன்னபுஷ்பம் அட்டைகளை எல்லாம் தரையில் கொட்டி, கண்ணை மூடிக்கொண்டு, அகலமானதை ஒரு பக்கமும் ஒடுங்கியதை ஒரு பக்கமுமாகப் பிரித்துப் போட்டாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒடுங்கியவை எல்லாம் காத்திருக்கச் சொல்லும் வசனங்கள். அந்தத் தாளை அமைத்தவள் எப்சி. கடைசி வரிசை எது என்று அவளுக்கு ஒருவரும் விளக்க வேண்டியதில்லை.

"இது பாண்டி வெட்டுனது" என்றாள். "போர்மேன் எல்லாத்துக்கும் முன்னாடி ஏசுனாகளே, அந்தக் கட்டு."

"ஆமாட்டி."

வெளியே எங்கோ ஒரு பட்டாசு ஆலையில் சாம்பிள் வெடித்துப் பார்த்தார்கள். அது ஓய்ந்த பிறகு எப்சி கேட்டாள்.

"அப்போ ஆண்டவரு என்னதாம்மா சொன்னாரு?"

"நான் கேக்கவே இல்லட்டி. கேக்குற மாதிரி முழங்கால்ல நின்னேன், அம்புட்டுத்தான்."

பிறகு அன்னபுஷ்பம் அழ ஆரம்பித்தாள். இப்போதே ஆனைக்குட்டம் போகிறேன், அந்தத் தம்பி காலில் விழுகிறேன், அவன் அம்மா காலில் விழுகிறேன் என்று எழுந்தாள். எப்சி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"பத்திரிகை அடிச்சாச்சும்மா. அந்தப் பிள்ளை பேரை நாந்தான் டைப் பண்ணேன். அழகுமீனா என்ன தப்புப் பண்ணுச்சு, சொல்லுங்க?"

அதோடு அரிசியை உலையில் போடப் போய்விட்டாள். சண்டை இல்லை, ஒரு சுடுசொல் இல்லை. இரவுச் சாப்பாட்டைத் தாய்க்கும் போட்டுத் தானும் சாப்பிட்டாள். எனக்கு இதைச் சொன்னபோது அன்னபுஷ்பம், "ஒரு அடி அடிச்சிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும் அண்ணாச்சி" என்றாள். நான் அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்கு அச்சகத்திலிருந்து வேனில் போனோம். எப்சியும் வந்தாள். மேடையேறி, மாப்பிள்ளை பக்கம் போகாமல் அழகுமீனாவின் பக்கமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். அருள்பாண்டி குனிந்த தலை நிமிரவில்லை. அவனிடம் அவள் எதுவும் சொல்லவில்லை, இதுவரைக்கும் சொல்லவில்லை. ஆண்டவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை என்றே அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். இப்போதும் கட்டிங் மிஷினில்தான் நிற்கிறான். டிடிபி அறைக் கதவில் யாரோ பழைய காலண்டர் தாளை ஒட்டி மறைத்திருக்கிறார்கள். யார் ஒட்டியது என்று நான் விசாரிக்கவில்லை.

போன வாரம் பாண்டிலட்சுமி அச்சகத்துப் பக்கம் வந்திருந்தாள். "என்ன அண்ணாச்சி, எப்சி வெளியூருக்கு வேலைக்குப் போயிட்டாளா? காலையில சத்தத்தையே காணோம். உலை வைக்க நேரமாகிப் போகுது" என்றாள். ஊரில்தான் இருக்கிறாள் என்றேன்.

பெட்டி அந்த வீட்டில் இப்போது இல்லை. காலை ஜெபம் இருக்கிறது. எப்சி எழுந்து போய்விடுவதில்லை, பக்கத்தில் வந்து உட்காரத்தான் செய்கிறாள். வழி காட்டும் என்று அன்னபுஷ்பம் இப்போதெல்லாம் கேட்பதில்லை. மன்னியும் என்று மட்டும் சொல்லி முடிக்கிறாள். முடித்த பிறகு கண்ணைத் திறக்காமல், மகளின் ஆமென்னுக்காகக் காத்திருக்கிறாள். பால் பொங்குகிற வாசனை வந்தாலும் அவள் எழுந்திருப்பதில்லை. கொஞ்ச நேரம் கழித்து எப்சிதான் எழுந்துபோய் அடுப்பை அணைக்கிறாள்.